நாலு மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் குறைவு



கொத்தனார்கள் இடுப்பில் செருகியிருக்கும் இரும்பு அளவு நாடா ஒன்று இந்த மேடையின் குறுக்கே இழுத்து வைக்கப்பட்டிருக்கிறது. சரியாக 4 மீட்டர். கூட்டம் முடிந்து வெளியே போகிறவர்கள் வண்டி நிறுத்தும் இடத்தில் இதே நாடாவை வைத்து அளந்து பார்க்கலாம். மாருதி டிசையர் 3,995 மில்லிமீட்டர். மாருதி பிரெஸ்ஸா 3,995. ஹூண்டாய் வென்யூ 3,995. கியா சோனெட் 3,995. ஹோண்டா அமேஸ் 3,995. ஜப்பானியரும் கொரியரும் நம்மவரும் வேறு வேறு ஊரில், வேறு வேறு மேசையில் வரைந்த வண்டிகள் இவை. ஒன்று சப்பையாக இருக்கிறது, ஒன்று கொழுகொழுவென்று இருக்கிறது. ஆனாலும் ஐந்தும் நாலு மீட்டரைத் தொட ஐந்து மில்லிமீட்டர் இருக்கும்போது சொல்லிவைத்தாற்போல் நின்றுவிடுகின்றன.

சாலையின் அகலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் பார்க்கிங் கோடுகளுக்கும் சம்பந்தமில்லை. கோடு போட்டது நிதியமைச்சகம்.

2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். எது சிறிய கார் என்பதற்கு ஓர் இலக்கணமும் வந்தது. நீளம் 4 மீட்டரைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் என்றால் எஞ்சின் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும். இந்தியாவைச் சிறிய கார் உற்பத்தியின் மையமாக்க வேண்டும் என்பது நோக்கம். நோக்கம் நிறைவேறியதா என்றால், பெருமளவு நிறைவேறியது. கூடவே, யாரும் கேட்காத ஒரு வண்டி வகையும் பிறந்தது: வால் நறுக்கிய செடான்.

2008-இல் டாடா முதலில் கத்திரியை எடுத்தது. 4.15 மீட்டர் நீளமிருந்த இண்டிகோவின் பின்பக்கத்தைச் சுருக்கி இண்டிகோ சிஎஸ் என்று கொண்டுவந்தது. அதே ஆண்டு மாருதி கொண்டுவந்த முதல் டிசையர் 4,160 மில்லிமீட்டர் நீளம். 2012-இல் வந்த இரண்டாம் டிசையர் 3,995. முக்கால் சாண் நீளம் போய்விட்டது. 440 லிட்டர் கொள்ளளவு இருந்த டிக்கி 316 லிட்டராயிற்று. கல்யாணத்துக்குப் போகிற குடும்பத்தின் ஒரு பெரிய சூட்கேஸ் மடியில் ஏறியது என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் எக்கோஸ்போர்ட்டை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது, பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி டயரைக் கழித்துவிட்டுத்தான் நாலு மீட்டர் கணக்கைச் சொல்ல முடிந்தது.

2013 பட்ஜெட்டில் இதே கதை நீளவாட்டில் நடக்காமல் செங்குத்தாக நடந்தது. எஸ்யூவிகளுக்கு வரி 27-லிருந்து 30 சதவீதமாயிற்று. எஸ்யூவி என்றால் என்ன என்ற இலக்கணத்தில், தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் இடையே 170 மில்லிமீட்டர் இடைவெளி என்று ஒரு விதி இருந்தது. மஹிந்திரா தன் எக்ஸ்யூவி500 வண்டியைச் சற்றே குனிய வைத்தது. வரி இறங்கியது, விலையும் இறங்கியது.

இதில் கோபப்பட எதுவும் இல்லை. வரி எதை அளக்கிறதோ அதைத் தொழிற்சாலை செய்யும். வக்கீலைக் கேட்டு எஞ்சினியர் வண்டி வரைகிறார். கேட்க வேண்டிய கேள்வி வேறு: அளப்பவர்கள் எதை அளக்காமல் விட்டார்கள்?

2014 ஜனவரி இறுதியில் அதற்கு ஒரு விடை வந்தது. குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் அதிகம் விற்கும் கார்களில் ஐந்தை எடுத்து மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. மாருதி ஆல்ட்டோ 800, டாடா நானோ, ஹூண்டாய் ஐ10, ஃபோர்டு ஃபிகோ, ஃபோக்ஸ்வாகன் போலோ. ஏர்பேக் இல்லாத பேஸ் மாடல்கள். ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். ஐந்தும் நாலு மீட்டருக்குள் அடங்கும் வண்டிகள். சோதனைப் படங்களில் சில வண்டிகளின் முன்புறம், காலால் மிதித்த தகர டப்பாவைப்போல் ஓட்டுநர் இடத்துக்குள் புகுந்திருந்தது.

போலோவின் கதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. அதன் கூடு உறுதியாகவே நின்றது. உள்ளே இருந்த பொம்மை மனிதன்தான் தப்பவில்லை, ஏர்பேக் இல்லாததால். இரண்டு ஏர்பேக் பொருத்திய அதே போலோவைத் திரும்ப மோதவிட்டார்கள். நான்கு நட்சத்திரம். ஃபோக்ஸ்வாகன் ஏர்பேக் இல்லாத மாடலை இந்தியச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் டாட்சன் கோவும் பூஜ்யம் வாங்க, அதை விற்பனையிலிருந்து விலக்கும்படி குளோபல் என்கேப் நிசான் தலைவருக்கு வெளிப்படையாகவே கடிதம் எழுதியது.

அப்படியானால் நாலு மீட்டர் விதிதான் ஆளைக் கொன்றதா? அப்படிச் சொன்னால் அது மேடைப் பேச்சு. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் தயாராகி விற்ற ஒரு கார் அந்தச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது அதுவே முதல்முறை. அதன் நீளமும் நாலு மீட்டருக்குள்தான், எஞ்சினும் 1,200-க்கும் 1,500-க்கும் உள்ளேதான். 2020-இல் மஹிந்திரா எக்ஸ்யூவி300, 2024-இல் புதிய டிசையர், இரண்டும் 3,995 மில்லிமீட்டருக்குள் ஐந்து நட்சத்திரத்தை அடக்கிக் காட்டின. ஆக, அந்தப் பெட்டிக்குள் நல்ல வண்டியும் செய்யலாம், மோசமான வண்டியும் செய்யலாம். குறை என்னவென்றால் அரசாங்கம் இரண்டுக்கும் ஒரே சலுகையைக் கொடுத்தது. பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் கலால் அதிகாரி கண்ணில் வித்தியாசம் இல்லை. சலுகையாகப் போன பணம் பொதுப் பணம். அந்தப் பணத்துக்குப் பதிலாக ‘ஒரு ஏர்பேக்காவது வை’ என்று கேட்டிருக்கலாம். எட்டு சதவீதம் என்பது அன்றைய நிலையில் ஏர்பேக் விலையைவிடப் பெரிய தொகை.

கேட்கவில்லை. பிறகு சட்டம் வந்துதான் கேட்டது. ஓட்டுநர் பக்க ஏர்பேக் 2019 ஜூலையிலிருந்து கட்டாயமாயிற்று. பக்கத்தில் இருப்பவருக்கு 2021-இல்தான். 2006-க்கும் 2019-க்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். ஓட்டுகிறவரின் உயிருக்கும் பக்கத்தில் இருக்கும் மனைவியின் உயிருக்கும் நடுவே சட்டம் ஏறக்குறைய இரண்டு ஆண்டு இடைவெளி விட்டது என்பதையும் போகிறபோக்கில் குறித்துக்கொள்ளலாம்.

இதே இடத்தில் ஜப்பான் என்ன செய்தது என்பது சுவையானது. அங்கே ‘கேய்’ என்றொரு வகை உண்டு. 1949-லிருந்து இருக்கும் குட்டிக் கார் வகை. இன்றைய கணக்கில் எஞ்சின் 660 சிசிக்குள், நீளம் 3.4 மீட்டருக்குள், அகலம் 1.48 மீட்டருக்குள். இதற்குள் அடங்கினால் ஆண்டு வரி 10,800 யென். அடங்காத, ஒரு லிட்டர் எஞ்சின் உள்ள காருக்கே 25,000 யென். கிராமத்துச் சந்துகளில் இந்தக் குட்டிகள்தான் ஓடுகின்றன. நம் நாலு மீட்டர் பெட்டியைப்போலவே இதுவும் வரி செய்த பெட்டி. ஆனால் 1998 அக்டோபரில் ஜப்பான் அந்தப் பெட்டியின் அளவையே மாற்றியது. நீளத்தில் பத்து சென்டிமீட்டர், அகலத்தில் எட்டு சென்டிமீட்டர் கூட்டிக் கொடுத்தது. எஞ்சின் அளவைக் கூட்டவில்லை. காரணம் மோதல் பாதுகாப்பு: மோதும்போது நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள முன்னால் கொஞ்சம் தகரம் வேண்டும், பக்கவாட்டில் ஆளுக்கும் கதவுக்கும் நடுவே கொஞ்சம் இடம் வேண்டும். வரிச் சலுகை அப்படியே இருந்தது, அதன் உள்ளே உயிருக்கு இடம் விட்டார்கள். 1970-இல் ஜப்பான் சாலைகளில் 16,765 பேர் இறந்தார்கள். 2024-இல் 2,663 பேர். அந்த இறக்கத்துக்கு நடைபாதை, சிக்னல், குடித்துவிட்டு ஓட்டுவோர் மீதான கடும் சட்டம் என்று நூறு காரணம் உண்டு. பத்து சென்டிமீட்டர் அதில் எத்தனை பேரைக் காப்பாற்றியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் வரி எழுதுகிறவர் மோதலை நினைத்துக்கொண்டு எழுதினார் என்பதற்கு அது ஒரு சான்று.

தாய்லாந்தில் வரி எழுதுகிறவர் விவசாயியை நினைத்துக்கொண்டு எழுதினார். நெல் மூட்டை ஏற்றும் ஒரு டன் பிக்கப் வண்டிக்குக் கலால் வரி நெடுங்காலம் 3 சதவீதம். சாதாரண காருக்கு 30 சதவீதமும் அதற்கு மேலும். வித்தியாசம் பத்து மடங்கு. பாங்காக்கில் அலுவலகம் போகிறவரும் பிக்கப்பே வாங்கினார். நாடே பிக்கப் நாடாயிற்று. உலகத் தொழிற்சாலைகள் அங்கே வந்து குவிந்தன. ஆனால் பிக்கப்பில் இருவர் அமரும் இருக்கை, பின்னால் திறந்த தொட்டி. குடும்பத்தில் ஏழு பேர். மிச்சம் ஐந்து பேர் எங்கே உட்காருவார்கள்? நம் ஊரில் குலதெய்வக் கோவிலுக்கு ‘குட்டி யானை’ சரக்கு வண்டியில் போன அனுபவம் உள்ளவர்களுக்கு விடை தெரியும்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும் சொங்க்ரான் விழாவில் ஊருக்குத் திரும்பும் கூட்டம் தொட்டிகளில் அமர்ந்து போகும். உலக சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட அறிக்கையில் தாய்லாந்தின் சாலை மரண விகிதம் லட்சம் பேருக்கு 32.7, ஆசியாவிலேயே மிக மோசமான இடங்களில் ஒன்று. அந்த மரணங்களில் பெரும்பகுதி இருசக்கர வண்டிகளில் நடந்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2017 ஏப்ரலில், சொங்க்ரானுக்குச் சில நாட்களுக்கு முன், ராணுவ ஆட்சி தொட்டியில் ஆள் ஏறக் கூடாது என்று கெடுபிடி செய்யப் பார்த்தது. சமூக ஊடகங்கள் கொதித்தன. ‘காருக்கு 30 சதவீதம் வரி போட்டு எங்களை இந்த வண்டியை வாங்க வைத்தது யார்?’ என்பதுதான் அந்தக் கோபத்தின் சாரம். துப்பாக்கியோடு ஆண்ட அரசே சில நாட்களில் பின்வாங்கியது. பல பத்தாண்டுகளாக ஒரு வரி சொல்லிக்கொடுத்த பழக்கத்தை ஒரு வாரத்து உத்தரவு மாற்றவில்லை.

தொட்டியில் ஆளை உட்கார வைத்த வரி தாய்லாந்தில் மட்டும் இல்லை. இதைவிட விநோதமானது அமெரிக்காவில் நடந்தது. அது கோழியில் தொடங்குகிறது.

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கோழி இறைச்சி ஐரோப்பாவில் மலிவாக வந்து இறங்கியது. பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் அதற்குச் சுங்கம் ஏற்றின. பதிலடியாக அதிபர் ஜான்சன் 1963 டிசம்பரில் உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறிய டிரக் ஆகிய நான்குக்கும் 25 சதவீத இறக்குமதி வரி விதித்தார். குறி ஃபோக்ஸ்வாகன் வேன்மீது. மற்ற மூன்றின் வரியும் பின்னாளில் நீங்கியது. டிரக் வரி மட்டும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. காருக்கு 2.5 சதவீதம், டிரக்குக்கு 25 சதவீதம் என்ற நிலை பல பத்தாண்டுகள் நீடித்தது. ‘சிக்கன் டாக்ஸ்’ என்றே இன்றும் அதற்குப் பெயர்.

ஜப்பானின் சுபாரு 1970-களின் பிற்பகுதியில் பிராட் என்ற குட்டி பிக்கப்பை அமெரிக்காவுக்கு அனுப்ப நினைத்தது. டிரக் என்றால் 25 சதவீதம். கார் என்றால் அதில் ஒரு சிறு பகுதிதான். டிரக்கைக் காராக்குவது எப்படி? பின் தொட்டியில் பிளாஸ்டிக் இருக்கைகள் இரண்டைப் பற்றவைத்தார்கள். பின்னோக்கிப் பார்த்த இருக்கைகள். கூரை இல்லை. பிடித்துக்கொள்ள இரண்டு கைப்பிடிகள், பழைய ஸ்கூட்டரின் கைப்பிடி மாதிரி. நெடுஞ்சாலையில் இரண்டு பேர் அப்படிக் காற்றில் தலைமுடி பறக்க உட்கார்ந்து போகலாம், அதனால் அது பயணிகள் வாகனம் என்று சுங்கத் துறை ஒப்புக்கொண்டது. பின்னாளில் அதிபரான ரொனால்ட் ரீகன் தன் பண்ணையில் அப்படி ஒரு பிராட் வைத்திருந்தார். ஃபோர்டு நிறுவனம் துருக்கியில் செய்த டிரான்சிட் கனெக்ட் வேன்களைப் பின்னிருக்கையோடு கப்பலில் ஏற்றி, துறைமுகத்தில் இறக்கியதும் இருக்கையைக் கழற்றிப் போட்டுச் சரக்கு வேனாக விற்றது. அந்தச் சாமர்த்தியத்துக்காக 2024-இல் 36.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

வேடிக்கைக்குப் பின்னால் ஒரு கனமான விளைவு இருக்கிறது. வெளிநாட்டுப் போட்டியே இல்லாத பெட்டிக்குள் அமெரிக்க நிறுவனங்கள் பிக்கப்பையும் அதன் அடிச்சட்டத்தில் எழுப்பிய எஸ்யூவியையும் வளர்த்தன. லாபம் அங்கே இருந்தது. 1978-இல் எண்ணெய் நெருக்கடியின் சூட்டில், அதிகம் பெட்ரோல் குடிக்கும் கார்களுக்கு ‘கேஸ் கஸ்லர்’ வரி போட்டார்கள். அதில் பிக்கப்புக்கும் எஸ்யூவிக்கும் விலக்கு, விவசாயியும் தச்சரும் ஓட்டுகிற வண்டி என்று. 2003-இல் தொழில் செய்வோருக்கான வருமான வரிச் சலுகையை ஒரு லட்சம் டாலர் வரை விரித்தபோது, சுமையோடு சேர்த்து 6,000 பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 2,720 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டிக்கு முழுச் சலுகை கிடைத்தது. பல் வைத்தியரும் கணக்காளரும் ஹம்மர் வாங்கினார்கள். அடுத்த ஆண்டே எஸ்யூவிகளுக்கு அந்தத் தொகையை 25,000 டாலராகச் சுருக்கினார்கள். எல்லை மட்டும் 6,000 பவுண்டிலேயே நின்றது. அதற்குக் கீழே இருந்தால் சலுகை குறைவு. எடை கூடக்கூட வரியை ஏற்றுவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே கூடியது தள்ளுபடி.

எடை கூடினால் யாருக்கு என்ன ஆகும்? இதைக் கணக்குப் போட்டவர்கள் உண்டு. பொருளியலாளர் மிஷெல் வைட் 2004-இல் எழுதிய கட்டுரையில் கண்டது: பெரிய வண்டிக்குள் இருப்பவர்கள் தப்பித்துக்கொள்ளும் ஒவ்வொரு உயிர்ப்பலி விபத்துக்கும் ஈடாக, மற்றவர்கள் சாகும் விபத்துகள் 4.3 கூடுகின்றன. பெர்க்லியின் மைக்கேல் ஆண்டர்சனும் மாக்ஸிமிலியன் ஆஃப்ஹாமரும் பத்தாண்டு கழித்து வெளியிட்டது: மோதும் வண்டி 1,000 பவுண்டு, அதாவது 454 கிலோ, கூடுதல் எடையாக இருந்தால் எதிர் வண்டியில் மரணம் நேரும் வாய்ப்பு 47 சதவீதம் கூடுகிறது. இரண்டையும் தமிழில் ஒரே வாக்கியமாக்கினால், என் பிள்ளை பத்திரமாக இருக்கட்டும் என்று தகப்பன் வாங்கும் பெரிய வண்டி அடுத்த வீட்டுப் பிள்ளையின் கணக்கில் போய் விழுகிறது.

வண்டிக்குள் இல்லாதவர் நிலை இன்னும் கேடு. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு நிலையம் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பானட் உயரம் 40 அங்குலத்துக்கு மேலுள்ள வண்டி பாதசாரியை மோதினால் அவர் இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலமும் அதற்குக் கீழும் சரிந்த மூக்கும் உள்ள காரைவிட ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம். 40 அங்குலம் என்பது ஒரு மீட்டருக்கு மேல். நாலு வயதுக் குழந்தையை அதன் முன்னால் நிற்க வைத்துப் பார்த்தால் உச்சந்தலைக் குடுமி தெரிந்தால் அதிகம். கார் காலில் மோதும், ஆள் பானட் மேல் உருண்டு விழுவார். உயர்ந்த தட்டை முகம் நெஞ்சிலும் தலையிலும் மோதிக் கீழே சாய்த்து மேலே ஏறும். 2009-இல் அமெரிக்காவில் மோதுண்டு இறந்த பாதசாரிகள் 4,109 பேர். 2022-இல் 7,500-ஐத் தாண்டியது. அகன்ற சாலை, போன், இருட்டு, வேகம் எல்லாம் அதில் பங்காளிகள். கோழிக்கும் ஒரு பங்கு உண்டு.

எதிர்த்திசையில் போனவர்களும் இருக்கிறார்கள். வாஷிங்டன் நகரம் 6,000 பவுண்டுக்கு மேலான வண்டிக்கு ஆண்டுப் பதிவுக் கட்டணத்தை 500 டாலராக உயர்த்தியது. பிரான்ஸ் 2022-இல் 1,800 கிலோவுக்கு மேலுள்ள ஒவ்வொரு கிலோவுக்கும் 10 யூரோ விதித்தது, 2024-இல் எல்லையை 1,600 கிலோவுக்கு இறக்கியது. குலுக்கலில் தேர்ந்தெடுத்த 150 குடிமக்கள் கூடிய அவை முதலில் கேட்டது 1,400 கிலோ. பாரிஸில் 2024 பிப்ரவரியில் வாக்கெடுப்பு நடத்தி, வெளியிலிருந்து வரும் கனமான வண்டிகளுக்கு நகர மையத்தில் மணிக்கு 18 யூரோ பார்க்கிங் என்று முடிவு செய்தார்கள். ஆதரவு 54.55 சதவீதம். வாக்களித்தவர்கள் ஆறு சதவீதத்துக்கும் குறைவு என்பதால் ஊர்க் கருத்து என்று கூவ முடியாது. நார்வே மின்சார கார்களுக்குப் பல்லாண்டு வரி விலக்கு கொடுத்துவிட்டு, 2023-லிருந்து 500 கிலோவுக்கு மேல் கிலோவுக்கு 12.50 குரோனர் என்று அவற்றின் மீதும் எடை வரி போட்டது. பேட்டரி கனம். புகை வராத வண்டி மோதினாலும் வலிக்கத்தான் செய்யும்.

டென்மார்க் இன்னொரு பாடம். வண்டி விலையில் 180 சதவீதம் வரை பதிவு வரி போட்ட நாடு அது. அப்படி விலையின் மேல் விலை வைத்தால் ஏர்பேக்கின் விலை மேலும் வரி ஏறும். மக்கள் ஏர்பேக் இல்லாததையே வாங்குவார்கள், பழையதையே ஓட்டுவார்கள். இது அவர்களுக்கே உறைத்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக், ஏர்பேக் போன்றவை இருந்தால் வரிக்கணக்கில் இவ்வளவு கழிவு என்று எழுதினார்கள். இலங்கையில் அந்தக் கழிவை எழுதும் நிலையே வரவில்லை. எஞ்சின் சிசிக்கு இவ்வளவு என்று வரி ஏறியதால் எஞ்சின் சிறுத்தது, 2020 மார்ச்சில் இறக்குமதியே நின்றது, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஐந்தாண்டுகளாகப் பழைய வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின.

டென்மார்க்காரர்களுக்கு உறைத்தது நமக்கு ஏன் உறைக்கவில்லை என்று பார்க்க ஓர் எளிய கணக்கு போதும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து காருக்கு லைஃப் டாக்ஸ் இப்படி: விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. ஒருவர் 9,90,000 ரூபாய் மாடலைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வரி 1,28,700. பக்கத்தில் நிற்கும் மாடலில் பக்கவாட்டு ஏர்பேக்கும், வளைவில் வண்டி சறுக்காமல் பிடிக்கும் கருவியும் கூடுதல். விலை 20,000 ரூபாய் அதிகம், 10,10,000. அதற்கு வரி 18 சதவீதம், 1,81,800. இருபதாயிரம் ரூபாய்ப் பாதுகாப்புக்கு 53,100 ரூபாய் கூடுதல் வரி. ஷோரூம் பையன் ‘சார், அது வேணாம், இது போதும்’ என்று சொல்வது அவர் குற்றமா?

இருசக்கர வண்டியிலும் அதே படி. ஒரு லட்சம் வரை 10 சதவீதம், மேலே 12. 98,000 ரூபாய் பைக்குக்கு 9,800. ஏபிஎஸ் பிரேக்கோடு 1,02,000 என்றால் 12,240. தொகை சிறிது. ஆனால் வாங்குகிறவர் மாதம் 18,000 சம்பளத்தில் தவணை கட்டும் இளைஞர். சாகிறவர்களும் அவர்கள்தான். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வண்டியில் போனவர்கள். தமிழ்நாடு அந்த ஆண்டு 64,105 விபத்துகளோடு நாட்டிலேயே முதலிடம், உயிரிழந்தோர் 17,884. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது ஹெல்மெட்டுக்கு வைத்த வரி 18 சதவீதம். போடாவிட்டால் அபராதம், போட வாங்கினால் வரி.

பேருந்துக்கு வருவோம். இருப்பதிலேயே பாதுகாப்பான பயணம் அதுதான். நாற்பது இருக்கையுள்ள ஒரு வண்டி நாற்பது ஸ்கூட்டர்களைச் சாலையிலிருந்து எடுத்துவிடுகிறது. நம் ஆம்னி பேருந்துகளுக்கு வரி இருக்கைக் கணக்கில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. காருக்கோ ஒருமுறை கட்டினால் ஆயுளுக்கும் தீர்ந்தது. வாங்கும்போது ஜிஎஸ்டியும் பேருந்துக்கு 28 சதவீதமாக இருந்தது, அதாவது ஆல்ட்டோவுக்குப் போட்ட அதே விகிதம். எட்டு ஆண்டுகள் அப்படியே ஓடி, 2025 செப்டம்பர் 22-இல் 18 ஆயிற்று.

அந்த செப்டம்பர் மாற்றம் பெரியது. 350 சிசிக்குள் உள்ள பைக்குகளும் சிறிய கார்களும் 28-லிருந்து 18-க்கு இறங்கின; மற்ற கார்கள் 40-க்குள் போயின. சிறிய கார் எது என்று அறிவிப்பைப் புரட்டினால் நமக்குத் தெரிந்த முகம்தான்: 4,000 மில்லிமீட்டர், 1,200 சிசி, 1,500 சிசி. 2006-இன் நாடா 2025-லும் அதே மேசையில் இருக்கிறது. இடையில் 2023 அக்டோபரில் நம் நாட்டுக்கே சொந்தமான பாரத் என்கேப் மோதல் சோதனை வந்துவிட்டது. நட்சத்திரம் எத்தனை என்று அரசாங்கமே சொல்கிறது. மின்சார வண்டிக்கு 2019-லிருந்து 5 சதவீத ஜிஎஸ்டி என்று நல்லதுக்குச் சலுகை கொடுக்கவும் அரசாங்கத்துக்குத் தெரிகிறது. நட்சத்திரம் கொடுக்கும் துறையின் கோப்பும் வரி போடும் துறையின் கோப்பும் ஒரே மேசைக்கு வந்ததாகத் தெரியவில்லை. ஐந்து நட்சத்திரத்துக்கு இரண்டு சதவீதம் குறைவு, ஏபிஎஸ் கருவியின் விலையை லைஃப் டாக்ஸ் கணக்கில் சேர்க்காமல் விடு, பத்து லட்சத்தில் இருக்கும் அந்தப் படிக்கட்டைச் சரிவாக்கு என்று மூன்று வரி எழுதினால் போதும். கஜானாவில் விழும் ஓட்டை பெரிதாக இருக்காது. சட்டமே எல்லாவற்றையும் கட்டாயமாக்கிவிடலாமே என்று கேட்கலாம். ஆக்கலாம். கட்டாயமாக்கினால் கிடைப்பது குறைந்தபட்சம் மட்டும். அதற்கு மேலே ஒரு படி போகிறவரைத் தண்டிக்காமலாவது இருக்க வேண்டுமே.

புது வண்டியைப் பதிவு செய்யப் படிவம் 20 என்று ஒன்று இருக்கிறது. சிலிண்டர் எத்தனை, குதிரைத் திறன் எவ்வளவு, சிசி எவ்வளவு, இரண்டு அச்சுக்கும் இடையே தூரம் எவ்வளவு, எத்தனை பேர் உட்காரலாம், காலி எடை என்ன, நிறம் என்ன என்றெல்லாம் கேட்கும். பாரத் என்கேப் நட்சத்திரம் வாங்கிய வண்டிக்கு க்யூஆர் கோடு போட்ட ஒரு ஸ்டிக்கர் உண்டு, கண்ணாடியில் ஒட்டலாம். டெலிவரி நாளன்று சந்தனம், குங்குமம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் எல்லாம் ஆகும். அதற்குமுன் ஷோரூம் பையன் பானட்டைத் திறந்து, சேஸிஸ் எண் மேல் ஒரு துண்டுத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எண்ணைப் பிரதி எடுப்பார். அவர் குனிந்து நிற்கும் இடத்துக்கு ஒரு முழம் மேலே அந்த ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை. நிறம் என்ற கட்டத்தில் ‘வெள்ளை’ என்று எழுதி அவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குக் கிளம்புவார்.